மூழ்காத கிழங்கு

கத்தரித் தோட்டக்காரர் குழித்தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"அம்மா, நான் கேட்டது கத்தரி நாத்து. நீங்க புல்லும் சேர்த்துக் கொடுத்திருக்கீங்க. புல்லுக்குத் தனியாக் காசு வாங்கலையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

நாற்றுக்கார அம்மா தட்டைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு கத்தரி நாற்று இருந்தது. அதன் இடுப்பை உரசிக்கொண்டு பச்சை ஊசிபோல் ஒன்று மேலே வந்திருந்தது. கோரை. ஒரு குழியில் அது அவசரப்பட்டு, கீழே தண்ணீர் வடிவதற்கு இருந்த ஓட்டை வழியாகவே எட்டிப் பார்த்தது.

"வேற தட்டு தரேன், இருங்க" என்று திரும்பினார். அடுத்த தட்டிலும் ஊசி. அதற்கடுத்த தட்டிலும் ஊசி. கொட்டகையின் கடைசிவரை நடந்து போய், ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பாப்பா!"

மருமகள் மண் கலந்துகொண்டிருந்த கையோடு ஓடிவந்தாள். கல்யாணமாகி வந்த பிறகும் அவளுக்குப் பாப்பா என்ற பெயர்தான். அவளைப் பெற்றவர் அப்படிக் கூப்பிட்டார், புருஷன் அப்படிக் கூப்பிட்டான், மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"அந்த போர்டைக் கழட்டு" என்றார் மாமியார்.

வாசல் கேட்டில் தொங்கிய தகர போர்டு அது. 'களை இல்லாத நாற்று இங்கே கிடைக்கும்' என்று மாமியார் தன் கையாலேயே பெயின்டில் எழுதியது. தன் கணவர் இறந்த பிறகு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்த நிலத்தைக் கையால் கொத்திக் கையால் சலித்து அவர் சம்பாதித்த பெயர் அந்த ஒரு வரிதான். பாப்பா அதைக் கழற்றிக் கொண்டுவந்தாள். மாமியார் எழுத்து தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தார்.

"இது எங்கிருந்து வந்ததுன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

தெரியும். பாப்பாவின் அப்பா ஊராரின் வீட்டுத் தோட்டங்களைச் சுத்தம் செய்து பிழைப்பவர். வெட்டியது, பிடுங்கியது, உதிர்ந்தது எதையும் குப்பைக்குப் போட மாட்டார். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குழியில் போட்டு மூடி, உரமாக்குவார். 'மண்ணுல வந்தது மண்ணுக்கே போகணும்' என்பார். அதனால் அவருக்கு உரக்குழி என்றே பெயர். மகளைக் கட்டிக்கொடுத்தபோது ஒரு வண்டி நிறைய உரம் அனுப்பினார். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவர் நாற்றுக்கார அம்மா ஒருவர்தான். முழங்கை வரை உரத்துக்குள் விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து, "இதைவிட வேற என்ன வேணும்?" என்றார்.

குழிச் சூட்டில் களை வெந்து சாக வேண்டும்; அந்த உரமோ மழைக்காலத்தில் சூடேறாமல் போன உரம். யார் வீட்டுத் தோட்டத்திலோ பிடுங்கிய கோரையின் கிழங்கு அதற்குள் சாகாமல் படுத்திருந்தது. வேலியில் போன ஓணானை வண்டி வைத்துக் கூட்டிவந்த கதையாகிவிட்டது.

"பாத்தி சுத்தமாகணும்" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாப்பாவுக்கு. "இல்லேன்னா, லாரி நிறுத்த இடம் கேட்டு நச்சரிக்கிறானே, அவனை வரச்சொல்லி இந்த நிலத்துல ஜல்லியைக் கொட்டச் சொல்லிடுவேன். நான் என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். இவன் அந்த லாரிக்கே கிளீனராப் போகட்டும். நீ உங்கப்பா வீட்டுக்குப் போய் உரம் கிண்டு."

பாப்பா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. பாப்பா உரத்தைப் போட்டது கிணற்றடியில் இருந்த இரண்டே பாத்திகளுக்கு. கோரை முதலில் தலைகாட்டியதும் அங்கேதான். அன்று மாமியார் சந்தைக்குப் போயிருந்தார். புருஷன் பவர் டில்லரைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாத்தியில் மெஷின் இறங்கவே கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அம்மாவிடம் மன்றாடி வாங்கிய டில்லர், வண்டிப்பாதையைக் கொத்துவதோடு சரி.

"ஒரே ஓட்டு, பாப்பா. அம்மா வர்றதுக்குள்ள புல்லு இருந்த இடம் தெரியாமப் பண்ணிடறேன்" என்றான். மனைவியைத் திட்டிலிருந்து காப்பாற்றும் ஆசை அவனுக்கு. இரண்டு பாத்தியையும் ஓட்டிய பிறகு கை அரித்தது. கிழங்கு ஒட்டியிருந்த அதே டில்லர் கத்திகளோடு மற்றப் பாத்திகளையும் ஓர் ஓட்டு ஓட்டி, மேலே மண்ணைப் பரப்பிச் சமன் செய்துவிட்டான். கோரைக் கிழங்கு மண்ணுக்குள் நூலில் கோத்த மணிபோல் இருக்கும். நூல் அறுந்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக முளைக்கும். டில்லர் நூலையும் அறுத்து, மணியையும் நிலம் முழுக்க விதைத்துவிட்டது. அந்த மண்ணை அள்ளித்தான் குழித்தட்டுகளையும் நிரப்பினார்கள்.

ஒரு மழை பெய்தது. அவ்வளவுதான்.

சேதி கேட்டு, மறுநாள் காலையிலேயே உரக்குழி வந்து சேர்ந்தார். மூன்று சக்கர வண்டியில் கறுப்பு பிளாஸ்டிக் டிரம்கள், சல்லடை, களைக்கொத்தி, பழைய தகரங்கள். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ள வாங்க சம்பந்தி" என்றார் நாற்றுக்கார அம்மா. "உங்க சரக்கு நல்லா வளர்ந்திருக்கு. வந்து கண் குளிரப் பாருங்க."

"சம்பந்தியம்மா, நான் பண்ணினதுக்கு நானே..."

"அதெல்லாம் அப்புறம். இதை எப்படி ஒழிக்கிறது? அதைச் சொல்லுங்க."

"சலிச்சு எடுத்து, கிழங்கைத் தகரத்துமேல போட்டுச் சுருங்கக் காயவைக்கணும். அப்புறம் தழையோட சேர்த்து டிரம்ல போட்டுத் தண்ணியை ஊத்தி மூடினா, உள்ள வெந்து அழுகிடும். அழுகின தண்ணியைப் பத்துக்கு ஒண்ணாக் கலந்து பாத்திக்கு..."

"பாத்திக்கா?" மாமியாரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "இன்னுமா உங்களுக்கு அந்த ஆசை விடலை? பட்டது போதாதா? வெளியில கொண்டுபோய்க் கொட்டுவோம்னு வாயில வராதா?"

"வெளியில கொட்டினா வேற ஒருத்தர் பாத்தியில முளைக்கும், சம்பந்தியம்மா. நான் அப்படித்தானே உங்களுக்கு அனுப்பிட்டேன்."

மாமியார் வண்டியில் இருந்த டிரம்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி. டிரம்ல போடுங்க. ஊறினதும் நானே ஒரு பிடி கிழங்கை எடுத்துத் தொட்டியில நடுவேன். ஒண்ணே ஒண்ணு முளைச்சாலும் ஜல்லிதான். பேச்சு அவ்வளவுதான்."

வேலை தொடங்கியது. ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைச் சல்லடையில் போட்டு ஆட்டி, தங்கிய கறுப்பு மணிகளை விரலால் பொறுக்க வேண்டும். உரக்குழி முட்டிபோட்டபடியே நகர்ந்தார். முட்டியில் சாக்குத் துணி கட்டியிருந்தார். அது கிழிந்து, அடியில் வேட்டி கிழிந்து, அதற்கடியில் தோலும் கிழிந்தது. பாப்பாவின் நகக்கண்களில் மண் ஏறிப் பழுத்தது. புருஷன் மாடு மாதிரி உழைத்தான். அம்மா பக்கத்தில் வந்தால் மட்டும் இன்னும் வேகமாகச் சல்லடையை ஆட்டினான், பேச்சு காதில் விழாதபடிக்கு.

ஒரு பாத்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தால், முதலில் முடித்த பாத்தியில் புது ஊசிகள். நேற்று இல்லாத இடத்தில் இன்று. சுத்தம் என்று கை கழுவிய இடத்தில் மறுபடி. ஒரு நாள் பாப்பா அப்படியே பாத்தியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அழறதுன்னா வேற பாத்தியில போய் அழு. இங்க தண்ணி ஊத்தினா அது இன்னும் முளைக்கும்" என்றார் மாமியார். சொன்னவரின் கையிலும் சல்லடை இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் கண்ணும் சரியில்லை.

நடுவில் ஒரு நாள் உரக்குழி களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாத்திகளை நெடுக ஒரு பார்வை பார்த்தார். கோரை இங்கும் அங்குமாக முளைத்திருக்கவில்லை. கயிறு பிடித்து நட்டதுபோல் வரிசை வரிசையாக நின்றது.

"பாப்பா, நீ எத்தனை பாத்திக்கும்மா உரம் போட்டே?"

பாப்பாவின் கை சல்லடையிலேயே நின்றது. இரண்டு பாத்திக்கு அப்பால் புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தான். அந்த முதுகுகூடக் காதாக மாறியிருந்தது.

"எல்லாத்துக்கும்தான்ப்பா."

ஒரு வண்டி உரம் இரண்டு பாத்திக்குமேல் எட்டாது. அந்த வண்டியை நிரப்பியவர் அவர். மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தார்.

"சரிம்மா. அப்ப முழுத் தப்பும் என்னோடதுதான்" என்று சொல்லி, மறுபடி முட்டிபோட்டார்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் கை கழுவும்போது பாப்பா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அத்தைகிட்டச் சொல்லிடுங்க. எங்கப்பா முட்டியைப் பார்த்தீங்களா?"

"சொல்றேன் பாப்பா. பாத்தி சுத்தமானதும் சொல்லிடறேன்."

"சுத்தமாயிட்டா அப்புறம் சொல்லவே வேண்டாமே!"

"இப்பச் சொன்னா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க."

"இப்ப யார் உடையறாங்கன்னு உங்களுக்குத் தெரியலையா?"

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். எவ்வளவு கழுவியும் முடியவில்லை.

டிரம்கள் நாறத் தொடங்கின. சாதாரண நாற்றமா? பக்கத்து மரப்பட்டறைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னம்மா, உள்ள யாரையாவது கொன்னு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. யாரைன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் நாற்றுக்கார அம்மா.

முதல் டிரம்மின் அடியில் இருந்த குழாயைத் திறந்து, உரக்குழி ஒரு குவளை கறுப்புத் தண்ணீர் பிடித்தார். துணியில் வடிகட்டி, வாளித் தண்ணீரில் கலந்து, வேலியோரம் பழுத்துப்போய் யாரும் சீந்தாமல் கிடந்த மிளகாய் நாற்றுகளுக்கு யாருக்கும் தெரியாமல் ஊற்றினார். ஒரு வாரத்தில் இலைகள் கரும்பச்சையாக நிமிர்ந்தன. மாமியார் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நடை தானாகவே மெதுவானது.

இதற்கிடையில் வானம் மூடிக்கொண்டது. தகரத்தின் மேல் பரப்பிய கிழங்கு காயவே இல்லை. ஒரு நாள் லாரிக்காரர் நேரிலேயே வந்து, கேட்டின் அகலத்தைக் காலால் அளந்துவிட்டுப் போனார். பயந்துபோன உரக்குழி, பாதி காய்ந்ததை அள்ளி, ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்த டிரம்மில் தழைக்கு மேலாகப் போட்டு மூடினார். பழையதும் புதியதும் உள்ளே ஒன்றாகக் கலந்தன.

சோதனை நாளில் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த டிரம்மைத் திறந்தார். குமட்டிக்கொண்டு வந்தது. ஆழமாகக் கையை விட முடியவில்லை. மேலாகத் துழாவி ஒரு பிடி கிழங்கை எடுத்தார். சுத்தமான மண் போட்ட தொட்டியில் அவரே நட்டு, அவரே தண்ணீர் ஊற்றி, சமையலறை ஜன்னலில் வைத்தார்.

அந்தத் தொட்டிதான் அதன்பிறகு வீட்டுக்கு எஜமான். அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். புருஷன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பார்த்தான். உரக்குழி ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். மாமியார் மட்டும் நேராகப் பார்த்தார். தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மண் வெறும் மண்ணாகவே இருந்தது. பாப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் சாப்பாடு இறங்கியது.

பிறகு ஒரு காலை, அடுப்புப் பற்றவைக்கப் போனவள் தொட்டியைப் பார்த்தாள்.

ஓர் ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு, பச்சை.

வீட்டில் இன்னும் யாரும் பார்க்கவில்லை. மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். வெளியே அப்பா சல்லடை ஆட்டும் சத்தம் சரக் சரக் என்று கேட்டது. பாப்பாவின் கை தானாகவே நீண்டது. கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தப் பச்சை ஊசி வந்துவிட்டது. ஒரு கிள்ளு. மேலே மண்ணைத் தடவினால் யாருக்கும் தெரியாது.

ஒரே ஓட்டு, பாப்பா. அம்மா வர்றதுக்குள்ள.

புருஷனின் அந்தக் குரல் காதுக்குள் கேட்டதும் விரலை எடுத்துக்கொண்டாள். மேலே கிள்ளிக் கீழே மறைத்ததால்தானே நிலம் முழுக்க இப்படி ஆயிற்று? இதையும் கிள்ளினால் நாளை மறுபடி வரும். நாளைக்கும் கிள்ள வேண்டும். அப்புறம் ஆயுசு முழுக்க, யாரும் எழுவதற்கு முன்னால் எழுந்து கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டியை எடுத்துக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தாள். மாமியார் ஈரத்தலையோடு வந்து பார்த்தார்.

"முளைச்சிருக்கு அத்தை" என்றாள்.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து லாரிக்காரர் நம்பரைத் தேடினார். எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி தலையில்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பாப்பா அறைக்குள் போனாள். கல்யாணத்தன்று கொண்டுவந்த அதே பை. துணிகளை அதற்குள் திணித்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அப்படியே தூக்கிவந்து வாசற்படியில் வைத்தாள்.

அதைப் பார்த்துவிட்டு உரக்குழி உள்ளே ஓடிவந்தார். கையெல்லாம் மண்.

"சம்பந்தியம்மா, பொண்ணை விட்டுடுங்க. அவ என்ன பண்ணினா? எல்லாப் பாத்தியும் கெட்டது என் உரத்தால. நான் வேணும்னா இந்த ஊர்ப் பக்கமே வரலை. அவளை மட்டும்..."

"ரெண்டு பாத்திதான் மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். பின்வாசலில் புருஷன் நின்றிருந்தான். சல்லடையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான், கேடயம் மாதிரி.

"உங்க உரம் போட்டது ரெண்டே பாத்திக்கு. மத்ததெல்லாம் நான். டில்லர் விட்டேன்மா. நீங்க சந்தைக்குப் போன அன்னைக்கு. எல்லாப் பாத்தியிலும் விட்டேன்."

மாமியார் அப்போதுதான் கூப்பிட்டிருந்த போனில் "ஹலோ... ஹலோ..." என்று லாரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"என் பாத்தியிலயா?" என்றார் மாமியார்.

"ஆமாம்மா."

"மெஷினை?"

"ஆமாம்மா."

"இந்த மனுஷன் முட்டி தேயத் தேய மண்ணைச் சலிச்சாரு. இந்தப் பொண்ணு வாயைத் திறக்காம நின்னா. நீ பார்த்துக்கிட்டா இருந்தே?"

அவன் சல்லடையைக் கீழே வைத்தான்.

மாமியார் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் பாப்பா நினைத்தாள். அவர் மகனைத் தாண்டிப் போய், பின்வாசலில் நின்று பாத்திகளைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கோரை. தினமும் பார்த்ததுதான். இப்போதுதான் அது டில்லர் போன தடமாகத் தெரிந்தது.

"உரம் கொடுத்தவரை விரட்டலாம். அவர் பொண்ணை விரட்டலாம்" என்றார், யாரையும் பார்க்காமல். "நான் பெத்ததை எங்கே கொண்டுபோய் விடறது? இதுக்கு எந்த அப்பன் வீடு இருக்கு?"

சொல்லிவிட்டு, நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கணவன் போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை என்று அப்புறம் மரப்பட்டறைக்காரர் சொன்னார். மகன் பக்கத்தில் போனான். கையைத் தட்டிவிட்டார். மறுபடி போனான். இரண்டாம் தடவை தட்டிவிடத் தெம்பில்லை.

உரக்குழிக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். தொட்டியை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். மண்ணைக் கலைத்தார். கிழங்குகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. விரல் பட்டதும் கறுப்புக் கூழாக நசுங்கின. எல்லாமே நசுங்கின, ஒன்றைத் தவிர. அது மட்டும் கல்மாதிரி இருந்தது. பச்சை ஊசி அதிலிருந்துதான் வந்திருந்தது. கத்தியால் இரண்டாக வெட்டினார். உள்ளே தேங்காய்த் துண்டுபோல் வெள்ளை.

"இது மூழ்கலை" என்றார் மெதுவாக. "கடைசியாப் போட்டதுல ஒண்ணு. காயவும் இல்லை. தழைக்கு மேல மிதந்திருக்கு. தண்ணி இதைத் தொடவே இல்லை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

மாமியார் எழுந்து வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, நசுங்கிய கூழை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். அன்று ஒரு பிடி உரத்தை முகர்ந்ததைப் போலவே.

"வேலியோர மிளகாய்க்கு இந்தத் தண்ணியைத்தானே ஊத்தினீங்க?"

உரக்குழி திருடன் மாதிரி தலையை ஆட்டினார்.

"எனக்குக் கண் தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும்."

போன் அடித்தது. லாரிக்காரர்தான். மாமியார் எடுத்தார். "இப்ப வேண்டாம். இல்லப்பா, மாட்டேன்னு சொல்லலை. இப்ப வேண்டாம்னு சொல்றேன். நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. இந்தப் பருவத்துக்கு ஒரு நாற்றுகூட விற்க முடியாது. அடுத்த பருவமும் சந்தேகம்தான். அது அங்கே நின்ற நான்கு பேருக்கும் தெரியும்.

"மேல மிதக்காம இருக்க டிரம்ல பாரம் வைக்கணும்" என்றார் உரக்குழி. "கிணத்தடியில கருங்கல் கிடக்கு, எடுத்துட்டு வரேன்."

"கல்லு வேண்டாம்." மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "அந்த டில்லர்ல இருக்கிற கத்தியை மொத்தமாக் கழட்டு. நல்ல கனமான இரும்புன்னு சொல்லித்தானே வாங்கினே?"

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனான். துருப்பிடித்த போல்ட்டுகள் எளிதில் வரவில்லை. உரக்குழி போய் அடியில் பிடித்துக்கொண்டார். மாமனும் மருமகனும் ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசி போல்ட்டில் அவன் விரல் நசுங்கியது. "பார்த்து மாப்பிள்ளை" என்றார் உரக்குழி. அந்த ஒரு வார்த்தைக்கு அவன் உடைந்துபோய் அழுதான்.

கத்திகளைக் கம்பியில் கட்டி டிரம்முக்குள் இறக்கினார்கள். மிதந்துகொண்டிருந்த தழைமெத்தை மெல்லச் சாய்ந்து உள்ளே போனது. கறுப்புத் தண்ணீர் விளிம்புவரை ஏறி, பொளக் பொளக் என்று குமிழி விட்டது. நாற்றம் எல்லோர் முகத்திலும் அடித்தது.

மாமியார் வீட்டுக்குள் திரும்பினார். வாசற்படியில் ஜிப் பாதி திறந்த பை கிடந்தது.

"பாப்பா, இதை யாரு வழியில போட்டது? தடுக்கி விழறதுக்கா?"

பாப்பா பையை எடுத்து உள்ளே வைத்தாள். வெளியே வந்தபோது, நேற்று முடித்த பாத்தியில் மறுபடி பச்சை ஊசிகள் நின்றன. மாமியார் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார். பக்கத்தில் இன்னொரு களைக்கொத்தி கிடந்தது. பாப்பா அதை எடுத்துக்கொண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்தாள்.